சமூக ஊடகமும் பதின்பருவ மனநலமும்: தாம்பரம், தென்சென்னைப் புறநகர்

இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட், யூடியூப் போன்றவை பதின்பருவத்தினரின் தூக்கத்திலும் கவனத்திலும் தன்மதிப்பிலும் உண்டாக்கும் பாதிப்புகள் பற்றிய குறிப்பு இது. தமிழகத்தின் பிற ஊர்களைப் போலவே தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர்ப் பகுதிகளிலும் பல பிள்ளைகள் கைக்குச் செல்போன் வந்தது 2020 ஊரடங்கில், ஆன்லைன் வகுப்புக்காக. வகுப்பு முடிந்தும் போன் திரும்பிப் போகவில்லை.

முதல் அடி தூக்கத்துக்கு. பள்ளியும் டியூஷனும் முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் நண்பர்களின் குழு அரட்டை சூடுபிடிக்கிறது. ஸ்னாப்சாட்டில் 24 மணி நேரத்துக்குள் இருவரும் ஸ்னாப் (படச் செய்தி) அனுப்பாவிட்டால் ‘ஸ்ட்ரீக்’ என்னும் நாள் தொடர்ச்சி அறுந்துவிடும். நட்பே அறுந்ததாகத் தவிக்கும் பிள்ளைகள் உண்டு. இதைப் பிள்ளையின் பலவீனம் என்பது அநியாயம். செயலியின் வடிவமைப்பே அப்படி. அடுத்த அடி தன்மதிப்புக்கு. நிறம், உடல்வாகு பற்றிய ஒப்பீடும் கேலிக் கமெண்டும் பெண்பிள்ளைகளைக் கூடுதலாக வதைக்கின்றன.

சமூக ஊடகத்தை நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தும் பதின்பருவத்தினருக்கு மனச்சோர்வு, பதற்ற அறிகுறிகளுக்கான அபாயம் இரட்டிப்பு என 2023இல் அமெரிக்கத் தலைமை மருத்துவர் எச்சரித்தார். எது காரணம், எது விளைவு என்ற விவாதம் தீரவில்லை. தனிமையில் வாடும் பிள்ளைக்கு இதே ஊடகம் துணையாவதும் உண்மை.

தடைகளும் வந்தன. சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் குறுங்காணொலிச் செயலியான டிக்டாக்கின் பதிவிறக்கத்தைத் தடுக்க உத்தரவிட்டு, அதே மாதம் விலக்கிக்கொண்டது. 2020 ஜூனில் மத்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. அந்த இடத்தை இன்ஸ்டாகிராமின் ரீல்ஸ் பிடித்தது.

உதவிக்கு: 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான ‘சிநேகா’, 2022 முதல் இயங்கும் அரசின் இலவச மனநல உதவி எண் ‘டெலி மானஸ்’ 14416; இதில் தமிழிலும் பேசலாம்.