ஜாஸ் இசைத்தட்டு சேகரிப்பு

ஜாஸ் இசையின் பதிவுகளைத் தேடி வாங்குவதும், வகைப்படுத்தி வைப்பதும், ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கேட்பதும் சேர்ந்த பொழுதுபோக்கு. 1920களின் கடைசியில் ஐரோப்பிய, அமெரிக்க இளைஞர் சிலரிடம் தொடங்கி, 1930களில் சங்கங்களும் பத்திரிகைகளும் கொண்டதாக வளர்ந்தது. அரிய பொருள் கைக்கு வரும்போது எந்தச் சேகரிப்பாளருக்கும் ஏற்படும் மகிழ்ச்சி இதிலும் உண்டு. அதற்கு மேலும் இவர்கள் ஒரு வேலை செய்தார்கள். யார் எந்த நாளில் எந்த ஊரில் யார் யாருடன் வாசித்தார் என்று இன்று ஜாஸ் வரலாற்று நூல்களில் காணும் அடிப்படைத் தகவல்களில் பெரும்பகுதி இவர்கள் தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சேர்த்தது. பல்கலைக்கழகங்கள் இந்தப் பக்கம் திரும்பியது பிறகுதான். மார்ஷல் ஸ்டெர்ன்ஸ் என்ற ஆங்கில இலக்கியப் பேராசிரியர் 1952இல் தம் சொந்தச் சேகரிப்பை வைத்துத் தொடங்கிய ஜாஸ் ஆய்வுக் கழகம், 1966இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் வசம் போனது.

பதிவே மூலம்

1947 அக்டோபர் 28 அன்று நியூயார்க்கில் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர், டயல் நிறுவனத்துக்காக ஜார்ஜ் கெர்ஷ்வினின் 'எம்பிரேசபிள் யூ' மெட்டை இரண்டு முறை பதிவு செய்தார். முதல் டேக்கில் கெர்ஷ்வினின் மெட்டை அவர் ஏறக்குறைய தொடுவதே இல்லை. ஆறு சுரங்கள் கொண்ட சிறிய பிடி ஒன்றை எடுத்து, அதையே திருப்பி, ஏற்றி, இறக்கி வளர்த்துக்கொண்டு போகிறார். சற்று நேரத்தில் பதிவான இரண்டாவது டேக்கில் அந்தப் பிடியை வைத்து அவர் கட்டடம் எழுப்பவில்லை. கற்பனை வேறு வழியில் போகிறது. இரண்டும் விற்பனைக்கு வந்தன. ஒன்றை மட்டும் வைத்திருப்பவர் பாதிதான் கேட்டவர். கச்சேரியில் கேட்ட ஆலாபனையை மறுநாள் அப்படியே வரவழைக்க முடியாது என்பதை அறிந்த வாசகருக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

மேற்கத்திய செவ்வியல் இசையில் எழுதப்பட்ட தாள் இருக்கிறது. தட்டு தொலைந்தாலும் இசை தொலையாது. ஜாஸில் அந்தக் கணத்தில் பிறந்த கற்பனை தட்டில் மட்டுமே தங்கியிருக்கிறது. ஆகவே வெளியான டேக், ஒதுக்கப்பட்ட டேக், பாதியில் நின்ற டேக் எல்லாவற்றையும் தேடுவது இந்தத் துறையில் பைத்தியக்காரத்தனமாகக் கருதப்படுவதில்லை. சில சமயம் அது எல்லை மீறுவதும் உண்டு. டீன் பெனடெட்டி என்ற சாக்ஸபோன் கலைஞர் 1947, 1948 ஆண்டுகளில் பார்க்கர் வாசித்த விடுதிகளுக்குப் பதிவுக் கருவியோடு போய், பார்க்கர் வாசிக்கத் தொடங்கும்போது கருவியை ஓடவிட்டு, அவர் முடித்ததும் நிறுத்திவிடுவார். உடன் வாசித்தவர்களின் தனி ஆவர்த்தனம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. நெடுங்காலம் வெறும் வதந்தியாகவே இருந்த அந்தப் பதிவுகளை மொசைக் நிறுவனம் 1990இல் ஏழு குறுந்தகடுகளாக வெளியிட்டது.

அரக்குக் காலம்

ஜாஸ் என்ற பெயரில் வந்த முதல் தட்டு 1917 பிப்ரவரி 26 அன்று நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்தில் பதிவானது. வாசித்தது நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஒரிஜினல் டிக்ஸிலேண்ட் ஜாஸ் பேண்ட் என்ற ஐந்து வெள்ளையர் கொண்ட குழு. கருப்பினத்தவர் உருவாக்கிய இசையின் முதல் தட்டு வெள்ளையருடையதாக அமைந்ததைச் சேகரிப்பாளர்கள் இன்றும் சற்றுச் சங்கடத்தோடுதான் குறிப்பிடுகிறார்கள். அதற்கும் முன்னால் கார்னெட் கலைஞர் படி போல்டன் மெழுகு உருளை ஒன்றில் வாசித்தார் என்ற பேச்சு உண்டு. தேடாதவர் இல்லை; அந்த உருளை கிடைக்கவில்லை.

சேகரிப்பாளர் உயர்வாக மதிக்கும் தட்டுகள் 1923இலிருந்து தொடங்குகின்றன. அந்த ஆண்டு ஏப்ரலில் கிங் ஆலிவரின் கிரியோல் ஜாஸ் பேண்ட், இந்தியானா மாநிலம் ரிச்மண்டில் ஜெனட் நிறுவனத்தின் கூடத்தில் பதிவு செய்தது. ஜெனட், ஸ்டார் பியானோ கம்பெனியின் கிளை. கூடத்துக்கு அருகிலேயே ரயில் பாதை. வண்டி போகும்போது பதிவை நிறுத்திவைப்பார்கள். மைக் கிடையாது. எல்லோரும் ஒரு பெரிய குழலின் வாயை நோக்கி வாசிக்க, அந்த அதிர்வே மெழுகில் ஊசியால் கீறப்பட்டது. இரண்டாம் கார்னெட் வாசித்த இளைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஊதல் ஆலிவரை அமுக்கிவிட்டதால் அவரைப் பின்னால் தள்ளி நிற்கவைத்தார்கள் என்று, குழுவின் பியானோ கலைஞர் லில் ஹார்டின் பின்னாளில் சொன்னார். பெரிய முரசை ஓங்கி அடித்தால் ஊசி துள்ளிவிடும் என்பதால் பேபி டாட்ஸ் மரக்கட்டைகளைத் தட்டித் தாளம் போட்டார். ஆகவே இந்தத் தட்டுகளில் கேட்பது, சிகாகோ அரங்குகளில் மக்கள் ஆடிய இசையின் சுருங்கிய வடிவம். இதை மறந்துவிட்டு 'அந்தக் காலத்தில் முரசே இல்லை' என்று எழுதியவர்கள் உண்டு.

பத்து அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிட அளவு. அரக்கு, கற்பொடி, புகைக்கரி கலந்த கலவையில் அது வார்க்கப்பட்டது. அரக்கு பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே போனது. 1942இல் போரினால் வரத்து அருகியபோது அமெரிக்க அரசு தட்டுத் தயாரிப்புக்கு அரக்குக் கட்டுப்பாடு விதித்தது. பழைய தட்டுகளைத் திரும்பப் பெற்று உருக்கினார்கள். அப்படி உருகியவற்றில் எத்தனை ஜெனட் போயிற்றோ. அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் ஜேம்ஸ் பெட்ரில்லோ தலைமையிலான இசைக் கலைஞர் சங்கம் பதிவுகளைப் புறக்கணித்தது. பெரிய நிறுவனங்களில் டெக்கா 1943இலும், விக்டரும் கொலம்பியாவும் 1944இலும்தான் பணிந்தன. பீபாப் என்ற புதிய பாணி ஹார்லெம் விடுதிகளில் உருவானது சரியாக அந்த ஆண்டுகளில். அதன் பிறப்புக்குத் தட்டுச் சாட்சியம் மிகக் குறைவாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

கருப்பின வாடிக்கையாளருக்கென்று தனியாக விற்கப்பட்டவை 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்'. அவற்றில் பெயர்பெற்ற பாரமவுண்ட், விஸ்கான்சினில் நாற்காலி செய்யும் கம்பெனி ஒன்றுக்குச் சொந்தமானது. மட்டமான கலவையில் வார்த்ததால் அதன் தட்டுகள் புதிதாக இருக்கும்போதே இரைந்தன. 1930களில் வெள்ளைச் சேகரிப்பாளர்கள் கருப்பினத்தவர் குடியிருப்புகளில் வீடு வீடாகப் போய், கூடத்து மூலையில் கிடந்த இத்தட்டுகளைச் சில சென்ட்டுக்கு வாங்கினார்கள். இசை காப்பாற்றப்பட்டது உண்மை. விலை ஏறியபோது அந்த வீடுகளுக்கு எதுவும் திரும்பவில்லை என்பதும் உண்மை.

யார் வாசித்தது?

அக்காலத் தட்டின் லேபிளில் குழுவின் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயர்கள் இருக்காது. ஒரே குழு வெவ்வேறு நிறுவனங்களில் வெவ்வேறு புனைபெயர்களில் பதிவதும் சாதாரணம். ஆகவே முதல் தலைமுறைச் சேகரிப்பாளர்கள் காதை நம்பினார்கள்: இந்த அதிர்வு ஆம்ஸ்ட்ராங்கினுடையது, இந்தத் தொடக்கம் பிக்ஸ் பைடர்பெக்கினுடையது என்று. அடுத்தபடியாக மேட்ரிக்ஸ் எண்ணைப் பார்த்தார்கள். பதிவு நடந்த வரிசையில் நிறுவனம் மெழுகுக்குக் கொடுத்த எண் அது. பல தட்டுகளில் லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் காணலாம். அடுத்தடுத்த எண்கள் பெரும்பாலும் ஒரே நாளைக் குறிக்கும். டேக் எண் மாறியிருந்தால், லேபிள் ஒன்றாகவே இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு வாசிப்பு.

இந்தத் துப்பறிதலைப் புத்தகமாக்கியவர் சார்லஸ் டெலோனே. ஓவியத் தம்பதி ராபர்ட், சோனியா டெலோனேயின் மகன். 1936இல் பாரிஸில் வெளியான அவரது 'ஹாட் டிஸ்காகிராஃபி' ஜாஸ் பதிவுப் பட்டியல்களுக்கு முன்னோடி. பிரிட்டனில் பிரையன் ரஸ்ட் 1961இல் கொண்டுவந்த பட்டியலும், பின்னர் டாம் லார்டின் பல தொகுதிகளும் அந்த வழியில் வந்தவை.

நியூயார்க்கில் மில்ட் கேப்லரின் கமடோர் கடை சேகரிப்பாளர் கூடும் இடமாயிற்று. நிறுவனங்கள் கைவிட்ட பழைய பதிவுகளை அவர் மறுபதிப்பாக வெளியிட்டு, லேபிளில் வாசித்தவர் பெயர்களையும் அச்சிட்டார். 1938இல் சொந்த லேபிளும் தொடங்கினார். பில்லி ஹாலிடேயின் 'ஸ்ட்ரேஞ்ச் ஃப்ரூட்' 1939இல் அதில்தான் வந்தது. யேல் மாணவரான ஜார்ஜ் அவேகியன் கொலம்பியாவின் கிடங்கைக் கிளறி, 1940இல் அந்நிறுவனத்தின் ஜாஸ் மறுபதிப்பு வரிசையைத் தொடங்கிவைத்தார்.

இவர்களின் ரசனை வரலாற்றைக் கோணலாக்கியதும் உண்டு. லூசியானாவின் நியூ ஐபீரியாவில் பல்லிழந்து, ஊதுவதை விட்டுவிட்டிருந்த பங்க் ஜான்சன் என்ற முதியவரைச் சேகரிப்பாளர் வில்லியம் ரஸ்ஸலும் நண்பர்களும் கடிதம் மூலம் கண்டுபிடித்தார்கள். சிட்னி பெஷேயின் அண்ணன் லெனர்டு செய்துகொடுத்த பல்செட்டோடு அவர் 1942இல் பதிவுக்கு வந்தார். அந்தத் தட்டுகள் அருமையானவை. ஆனால் அவற்றைக் கொண்டாடிய கூட்டம், பார்க்கர் வாசிப்பது ஜாஸே இல்லை என்றும் வாதிட்டது. பிரான்சில் இதே தகராறில் டெலோனேயும் அவருடைய பழைய கூட்டாளி யூக் பனாசியேவும் பிரிந்தார்கள்.

எல்பி, அதன் வெற்று வளையம்

1948இல் கொலம்பியா கொண்டுவந்த 33⅓ சுற்று எல்பி, மூன்று நிமிட வேலியை எடுத்துவிட்டது. இன்றைய சேகரிப்பாளரில் பலருடைய உலகம் 1950களின் எல்பிக்களே. அதிலும் ப்ளூ நோட். பெர்லினில் பிறந்த ஆல்ஃபிரட் லயன் 1939இல் தொடங்கிய இந்நிறுவனத்துக்கு, பகலில் கண்ணாடிக்கு அளவு பார்க்கும் வேலையிலிருந்த ரூடி வான் கெல்டர் ஒலிப்பதிவு செய்தார். ஹாக்கன்சாக்கில் அவருடைய பெற்றோர் வீட்டு முன்னறைதான் கூடம். 1959இல்தான் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் தனிக் கட்டடம் வந்தது. உறைக்குப் படம் எடுத்தவர் லயனின் பெர்லின் நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃப், வடிவமைத்தவர் ரீட் மைல்ஸ்.

முதல் பதிப்பு எது என்று தீர்மானிக்கப் பார்ப்பவர் தட்டை விளக்குக்கு அடியில் சாய்த்துப் பிடிப்பார். லேபிளில் அச்சான முகவரி ஒரு தடயம். லெக்சிங்டன் அவென்யூ முகவரி மற்றவற்றுக்கு மூத்தது. வெற்று வளையத்தில் 'ஆர்விஜி' என்ற கீறலோ 'வான் கெல்டர்' முத்திரையோ இருக்க வேண்டும். கூடவே காது போன்ற சிறு குறி. அது பிளாஸ்டிலைட் ஆலை சாய்த்து எழுதிய 'பி' எழுத்து. 1966இல் ப்ளூ நோட் லிபர்ட்டி நிறுவனத்தின் கைக்குப் போனபின் இக்குறி மறைந்தது. ஆனால் மிஞ்சிய பழைய லேபிள்களை லிபர்ட்டி தொடர்ந்து ஒட்டியதால், லேபிளை மட்டும் நம்புபவர் ஏமாறுவார். ஹாங்க் மோப்லியின் 1568 எண் தட்டு முதல் பதிப்பில் பல ஆயிரம் டாலருக்கு விலைபோகிறது. விலைக்குக் காரணம் இசையைவிட அச்சான எண்ணிக்கைதான். அவருடைய 'சோல் ஸ்டேஷன்' அதைவிட நல்ல தட்டு.

முதல் பதிப்பே சிறந்தது என்ற நம்பிக்கைக்கு மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஒரு பதில். 1959 மார்ச் 2 அமர்வில் முதன்மை நாடாக் கருவி சற்று மெதுவாக ஓடியது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டியபோது சுருதி ஏறிவிட்டது. முதல் பக்கம் முழுவதும் அந்த அமர்வில் பதிந்ததே. தட்டோடு சேர்ந்து வாசித்துப் பழகிய மாணவர்கள் தங்கள் கருவியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார்கள். துணைக் கருவியின் நாடாவிலிருந்து திருத்திய பதிப்பு 1992இல்தான் வந்தது. விலைமதிப்புள்ள முதல் பதிப்பில் ஒலிப்பது தவறான சுருதி.

கேட்கும் முறை

ஜப்பானில் தட்டு விலை எட்டாத காலத்தில் 'ஜாஸ் கிஸ்ஸா' எனும் காபிக்கடைகள் தோன்றின. ஒரு கோப்பை காபிக்கு மணிக்கணக்கில் உட்கார்ந்து கேட்கலாம். பல கடைகளில் பேசத் தடை. யோகோஹாமாவின் சிகுசா 1933இல் திறந்தது. நாவலாசிரியர் ஹருகி முரகாமி எழுத வருமுன் 1974இலிருந்து இத்தகைய கடை நடத்தியவர்.

இந்தியத் தொடர்பு சிறியது, ஆனால் சுவையானது. ஒரு காலத்தில் சிகாகோவில் ஆம்ஸ்ட்ராங்கோடு ஒரே குழுவில் வாசித்த பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு பம்பாய் தாஜ் ஹோட்டலிலும் பிறகு கல்கத்தாவிலும் வாசித்தார். 1945இல் கல்கத்தாவில் காலராவில் இறந்தார். அங்கே அவர் பதிந்த 78 சுற்றுத் தட்டுகளை உலகெங்கும் தேடுகிறார்கள்.

பராமரிப்பில் இரண்டு விஷயம் முக்கியம். அரக்குத் தட்டை ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்தால் கரைந்துவிடும். எல்பி வார்க்கப்படும் வினைலுக்கு அந்த ஆபத்து இல்லை. 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது. அதற்குரிய ஊசி முனை எல்பி ஊசியைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு பருமன். எல்பி ஊசியால் ஓட்டினால் அது பள்ளத்தின் அடியில் கிடந்து உராயும். வாங்கும்போது தரக்குறிகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். விற்பவர் 'குட்' என்று போட்டிருந்தால் நன்றாக இல்லை என்று பொருள்.

இணையவழிக் கேட்பு வந்தபின் எதுவும் எளிதில் கிடைக்கிறது. வாசித்தவர் பெயர்தான் மறுபடி காணாமல் போயிற்று. 2000இல் மின்னணு இசைக்கெனத் தொடங்கிய டிஸ்காக்ஸ் தளத்தில் பயனர்கள் வெற்று வளையக் கீறல்களை எழுத்தெழுத்தாகப் பதிந்து அந்தக் குறையை ஓரளவு அடைக்கிறார்கள். ஐரோப்பாவில் நெடுங்காலம் ஒலிப்பதிவு உரிமை 50 ஆண்டுதான் இருந்தது. 2013இல் 70 ஆண்டாக நீட்டியபோது ஏற்கெனவே காலாவதியானவை திரும்பவில்லை. ஆகவே 1962 வரை வெளியான ஜாஸை அங்கே யாரும் தட்டாக அச்சிடலாம். புதுக் கடைகளில் மலிவாக அடுக்கியிருப்பவற்றில் பல இப்படி வந்தவை. சில குறுந்தகட்டிலிருந்தே வெட்டியவை. உறையில் மூலநாடா பற்றியோ வெட்டிய பொறியாளர் பற்றியோ ஒரு வரியும் இல்லையென்றால், பழகிய சேகரிப்பாளர்கள் அதைத் திரும்ப அடுக்கில் செருகிவிடுவார்கள்.