கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் ஓநாய்கள்

டேவிட் இடால்கோ, லூயி பெரெஸ், சீசர் ரோசாஸ், கான்ராட் லொசானோ. கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களில் வளர்ந்த இந்த நால்வரும் இளவயதில் ராக் இசையில் ஊறியவர்கள். ஆனால் 1973-ல் ‘லாஸ் லோபோஸ்’ (ஓநாய்கள்) குழு உருவானபோது, எலெக்ட்ரிக் கிதாரை ஓரமாக வைத்துவிட்டு, பெற்றோர் தலைமுறையின் மெக்சிகோ நாட்டுப்பாடல்களைப் பாடம்செய்ய உட்கார்ந்தார்கள்.

பிழைப்பு என்னவோ கல்யாண வீடுகளிலும் உணவகங்களிலும்தான். லொசானோவின் மடியை அடைத்துக்கொண்டு உட்காரும் வாத்தியம் கிதாரோன். வயிறு புடைத்த பெரிய கிதார். ஒரே நேரத்தில் இரண்டு தந்திகளைச் சேர்த்துச் சுண்டினால்தான் அதன் கனத்த அடிநாதம் எழும். மைக், ஆம்ப்ளிஃபையர் எதுவும் வேண்டாம். ஆட்டம் நின்றுவிடாமல் தாளத்தைப் பிடித்துக்கொண்டே போகும் பழக்கம் அந்த ஆண்டுகளில் கைகளில் ஏறியது. அதுதான் இவர்களின் உண்மையான பள்ளிக்கூடம் என்பேன்.

1980-ல் பங்க் ரசிகர்கள் நிறைந்த ஒலிம்பிக் ஆடிட்டோரியத்தில் இதே பாட்டுகளோடு மேடையேறினார்கள். கையில் கிடைத்ததையெல்லாம் வீசி விரட்டியது கூட்டம். ஆனால் நகரத்தின் பங்க் இசைக்கலைஞர்களிலேயே சிலர் இவர்களை அடையாளம் கண்டுகொண்டனர். குறிப்பாக ‘பிளாஸ்டர்ஸ்’ குழு. ஸ்லாஷ் நிறுவனம் 1983-ல் லாஸ் லோபோஸின் சிறு இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டது. அதிலிருந்த ‘அன்செல்மா’வுக்கு கிராமி விருது வந்தது. பிளாஸ்டர்ஸின் சாக்ஸபோன் கலைஞர் ஸ்டீவ் பெர்லின் இவர்களோடேயே வந்து சேர்ந்துவிட்டார்.

1984-ல் வந்தது ‘ஹவ் வில் த வுல்ஃப் சர்வைவ்?’ ஆல்பம். தயாரிப்பு டி போன் பர்னெட்டும் பெர்லினும். முதல் பாட்டு ‘டோன்ட் வொரி பேபி’ முரட்டு புளூஸ். பிறகு அக்கார்டியன் துள்ளும் வடமெக்சிகோ நார்த்தேன்யோ வருகிறது, ஸ்பானிஷிலேயே. இன்னொரு பக்கம் ‘எவாஞ்சலின்’ போல அசல் ராக் அண்ட் ரோல். இவையெல்லாம் ஒட்டுப்போட்டதாகத் தெரியவில்லை. ஒரே வீட்டின் அடுத்தடுத்த அறைகளாகவே காதில் விழுகின்றன.

நான் திரும்பத் திரும்பக் கேட்பது ‘எ மேட்டர் ஆஃப் டைம்’. வேலை தேடிப் புறப்படும் ஒருவன் மனைவியிடம் விடைபெறுகிறான். இடால்கோவின் குரலில் கண்ணீரைப் பிழியும் முயற்சி இல்லை. நம்பிக்கையும் பயமும் சரிசமமாக இருக்கின்றன. எல்லை தாண்டி வந்த உழைப்பாளிகளை அமெரிக்க ராக் இவ்வளவு மரியாதையோடு பாடியது அபூர்வம். நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் ஓநாய்கள் பற்றி வந்த கட்டுரையின் தலைப்பிலிருந்து பிறந்த இறுதிப் பாடலும் இதே மக்களைத்தான் பாடுகிறது.

பில்போர்டு பட்டியலில் ஆல்பம் எட்டியது 47-வது இடம். ஆனால் அந்த ஆண்டின் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்த ரோலிங் ஸ்டோன் இதழின் விமர்சகர்கள் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனுக்குச் சமமாக இவர்களை நிறுத்தினார்கள். 1986-ல் கன்ட்ரி இசைப் பாடகர் வேலன் ஜென்னிங்ஸ் அந்த ஓநாய்ப் பாட்டைத் தானே பாடி, தன் ஆல்பத்துக்கும் அந்தப் பெயரையே சூட்டினார். அடுத்த ஆண்டே ‘லா பாம்பா’ பாடி முதலிடத்தைப் பிடித்தது லாஸ் லோபோஸ். அதுவும் வெராக்ரூஸின் பழைய நாட்டுப்பாடல்தான்.