நைனாவின் கட்டைவிரல்

  

இந்த முறை லீவில் ஊருக்குப் போனபோது நைனாவுக்கு ஒரு புது போன் வாங்கிக்கொண்டு போனேன். போன் எப்படி என்று என்னிடம் கேட்டால் பிரயோஜனமில்லை. அடியேன் பி.காம். ப்ராசஸர், மெகாபிக்சல் எல்லாம் நமக்கு எட்டாத சமாச்சாரம். நான் பார்ப்பது இரண்டுதான்: ஊருக்குப் பேசினால் குரல் தெளிவா கேக்குதா, சாயங்காலம் வரைக்கும் சார்ஜ் நிக்குதா. அதிலே பாஸ். கட்டைவிரலை வைத்தால் திறக்கும் பூட்டுதான் வம்பு பண்ணியது.

நைனா வலது கட்டைவிரலை வைத்தார். மறுபடி வைக்கச் சொன்னது. துடைத்துவிட்டு வைத்தார். மறுபடி. இடது கை, ஆள்காட்டி விரல், கொஞ்சம் தேங்காய் எண்ணெய்... ஒன்றுக்கும் மசியவில்லை. கடைசியில் சிரித்துவிட்டார்.

"இந்தக் கையில ரேகை ஏதுடா? அதைத்தான் சாம்பியன்லயே உட்டுட்டு வந்துட்டேனே."

சாம்பியன் என்றால் சாம்பியன் ரீஃப் சுரங்கம். கோலார் தங்கவயலில் ரொம்ப ஆழமானது, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகும். அங்கே பாறையில் துளை போடும் மெஷினைப் பிடித்து முப்பது வருஷம் நின்றவர் அவர். போனைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். "வராததே நல்லது. உன் கொள்ளுத்தாத்தா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு."

அவ்வளவுதான், எனக்குள் கொசுவத்தி சுற்ற ஆரம்பித்துவிட்டது.

முதலில் ஊரைப் பற்றி. இப்போது கே.ஜி.எஃப். என்றால் பசங்களுக்கு 2018லும் 2022லும் வந்த சினிமாதான். பஹ்ரைனில் என் மகளின் தோழிகள் கேட்கிறார்கள், "அங்கிள், உங்க ஊர்ல எல்லார்கிட்டயும் துப்பாக்கி இருக்குமா?" என்று. எங்கள் ஊரில் எல்லாரிடமும் இருந்தது டிபன் கேரியர், அம்மா. சங்கு ஊதினால் ஷிப்டுக்கு ஓடணும். 1880களில் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கத்தை நடத்தத் தொடங்கியபோது வடஆற்காடு, சித்தூர் பக்கத்திலிருந்து நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வந்தார்கள். பெரும்பாலும் சேரி ஜனங்கள், நிலமில்லாதவர்கள். கன்னட நாட்டுக்குள் ஒரு தமிழ் ஊர் உண்டானது அப்படித்தான். நாம் விமானம் ஏறி வந்தோம், அவர்கள் நடந்தும் ரயிலிலும் வந்தார்கள்.

அந்த ஊருக்கு உலகத்தின் புதுச் சரக்கெல்லாம் சீக்கிரமே வந்துவிடும். கரண்ட் அதில் முதன்மையானது.

1902ஆம் வருஷம். சுரங்கத்தின் நீராவி இயந்திரங்களுக்கு விறகு போட்டுப் போட்டுச் சுற்றுவட்டாரக் காடு மொட்டையாகிவிட்டது. நிலக்கரியை ரயிலில் கொண்டுவரணும், காசு கரியாகும். அதற்குத் திட்டம் போட்ட காலத்தில் மைசூர் திவானாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுத் தமிழர். காவிரி சிவசமுத்திரத்தில் அருவியாக விழுகிறதே, அதிலிருந்து மின்சாரம் எடுத்துச் சுரங்கத்துக்கு விற்கலாம் என்ற திட்டத்தைக் கையில் எடுத்தார். லோட்பினியர் என்ற ராணுவ எஞ்சினியர் அமெரிக்கா வரை போய் நயாகராவைப் பார்த்துவிட்டு வந்தார். மின் சாமான்களை அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கொடுத்தது, தண்ணீரில் சுழலும் சக்கரங்கள் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன. சிவசமுத்திரத்திலிருந்து எங்கள் ஊருக்கு 92 மைல், அதாவது சுமார் 148 கிலோமீட்டர். அவ்வளவு தூரம் கம்பி இழுத்தார்கள். அன்றைக்கு உலகத்திலேயே நீளமான மின்பாதைகளில் அது ஒன்று. பாவம், சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்கவில்லை. 1901 செப்டம்பரில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

பெங்களூரில் தெருவிளக்கு எரிந்தது 1905இல்தான். பெங்களூர் நண்பர்கள் யாராவது அலட்டிக்கொண்டால் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள் :-)

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த இடம் ஒப்பந்தம். வங்கிக்காரன் புத்தி. அரசாங்கம் மின்சாரத்தைச் சுரங்கக் கம்பெனிகளுக்கு விற்றது, ஒரு குதிரைசக்திக்கு வருஷத்துக்கு இத்தனை பவுன் என்று. முதல் வருஷம் விலை உச்சத்தில், அதற்கப்புறம் படிப்படியாக இறங்கும். இப்போது புது போன் வரும்போது நடப்பதும் இதுதானே? அவசரக்காரன் முதலில் கொட்டிக் கொடுப்பான், பொறுமைசாலி ஆறு மாசம் கழித்து வாங்குவான். சுரங்கம் அவசரக்காரன். கரி மிச்சம், விறகு மிச்சம், போட்ட பணம் திரும்பியது. கம்பெனியைக் கேட்டிருந்தால் புதுச் சாமானுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கும்.

ஆனால் நம் ஆட்கள் என்ன சொன்னார்கள்? அதை யாரும் எழுதி வைக்கவில்லை. எங்கள் வீட்டில் வாய்வழியாக வந்ததைத்தான் சொல்ல முடியும்.

ஆயா 1949இல் கல்யாணமாகி லைன் வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச தூரத்தில் இரவு பகலாக மோட்டார் ஓடும், பங்களா பக்கம் விளக்கு ஜொலிக்கும், இவள் சிம்னி விளக்கில் சோறு வடிப்பாள். வீட்டுக்கு பல்பு வந்ததெல்லாம் நைனா பிறந்த பிறகு. அதைப் பற்றி ஆயாவின் அபிப்பிராயம் ஒரே வரி. "வெளிச்சம் வந்த அன்னிக்குத்தாண்டா செவுத்துல இவ்ளோ கரி இருக்கறதே தெரிஞ்சுது." மறுநாள் பூரா சுண்ணாம்பு அடித்தாளாம்.

சுரங்கத்துக்குள்ளே இருந்த விளக்கு வேற கதை. ஆரம்ப காலத்தில் மெழுகுவர்த்திதான். களிமண் உருண்டையில் குத்தித் தொப்பியில் ஒட்டிக்கொள்வார்கள். பிறகு கார்பைடு விளக்கு: கீழ்ப்பாத்திரத்தில் கார்பைடு கல், மேலே தண்ணீர், சொட்டுச் சொட்டாக விழ விழ அசிட்டிலீன் வாயு கிளம்பி எரியும். நாற்றம் குடலைப் புரட்டும். நிலக்கரிச் சுரங்கமாக இருந்தால் வாயு பற்றிக்கொள்ளும் என்று பயந்து திறந்த நெருப்பை விடமாட்டார்கள். தங்கச் சுரங்கத்தில் அந்த அபாயம் குறைவு. தாத்தா அதில்தான் வேலை பார்த்தார். நைனா காலத்தில் பேட்டரி லைட். இடுப்பில் கனமாக ஒரு பேட்டரி, அங்கிருந்து ஒயர், தலையில் விளக்கு. ஷிப்டு முடிந்ததும் விளக்கு அறையில் கொடுத்தால் சார்ஜ் ஏற்றி வைப்பார்கள்.

பேட்டரி லைட் ஒசத்தியா, கார்பைடு ஒசத்தியா? நான் காலேஜ் படிக்கும்போது தாத்தாவைக் கேட்டேன். பேட்டரிதான் என்பார் என்று நினைத்தேன். நாற்றமில்லை, கையைச் சுடாது, காற்றடித்தால் அணையாது. அவர் சொன்னார்:

"அணையாததுதாண்டா அதுல கோளாறு. காத்து கெட்டுப்போன எடத்துல போனா கார்பைடு சுருங்கும். மெழுகுவத்தி அதுக்கும் முன்னாடியே அணைஞ்சுடும். ஓடிவந்துடலாம். பேட்டரி லைட்டு நீ செத்துக் கெடந்தாலும் உம் மேல பளிச்சுனு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கும்."

எத்தனையோ விமர்சனம் படித்திருக்கிறேன், நானும் கிறுக்கியிருக்கிறேன். இப்படி ஒன்று எழுதியதில்லை. புதுச் சாமான் என்ன தருகிறது என்று எல்லாரும் பார்ப்பார்கள், பழைய சாமான் செய்துகொண்டிருந்த எந்த வேலை சத்தமில்லாமல் நின்றுபோகிறது என்று இந்த மனுஷன் பார்த்திருக்கிறார். கீழே நின்றவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

இப்போது கட்டைவிரலுக்கு வருகிறேன்.

விரல் ரேகையை வைத்து ஆளைப் பிடிப்பதும் ஒரு காலத்தில் புத்தம்புதுத் தொழில்நுட்பம். அதிலும் நம் நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. 1897இல் கல்கத்தாவில் ரேகைப் பதிவு நிலையம் திறந்தார்கள். ரேகைகளை வகை பிரித்துத் தேடும் முறையை உருவாக்கியதில் அஜிஜுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு வங்காளத்து அதிகாரிகளின் உழைப்பு இருக்கிறது. பேர் என்னவோ மேலதிகாரி எட்வர்ட் ஹென்றிக்குப் போனது. (ஆபீஸ் என்றால் எல்லாக் காலத்திலும் ஆபீஸ்தான்.) குற்றவாளிகளை அடையாளம் காணத்தான் அது பெரிதும் பயன்பட்டது. அதனால் விரலில் மை தடவினாலே "என்னைத் திருடன்னு சொல்றான்" என்றுதான் ஜனங்களுக்குப் பட்டது.

தென்னாப்பிரிக்காவில் இதே சங்கதி பெரிய போராட்டமானது எல்லாருக்கும் தெரியும். டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் ரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வாங்கவேண்டும் என்று சட்டம். காந்தி தலைமையில் 1908 ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க்கில் சீட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். அந்தப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர்களில் தமிழர்கள் ஏராளம்.

அது தெரிந்த அளவுக்கு 1930இல் எங்கள் ஊரில் நடந்தது தெரியாது. சுரங்கத் தொழிலாளர்கள் எல்லாரும் விரல் ரேகையைப் பதியவேண்டும் என்று வந்தது. ஏற்கெனவே தங்கம் எடுத்துவிடுவார்கள் என்று ஷிப்டு முடிந்து மேலே வந்தால் உடம்புச் சோதனை. அதற்கு மேலே இதுவும். ஆயிரக்கணக்கான பேர் வேலையை நிறுத்திவிட்டார்கள். சுமார் மூன்று வாரம் சுரங்கம் நின்றது. தினக்கூலி ஜனங்கள். வேலையில்லையென்றால் அன்றைக்கு அடுப்பு இல்லை. கூலி உயர்வுக்காகக் கிளம்பிய கோபமில்லை இது. விரலில் ஒரு பொட்டு மைக்காக.

தாத்தாவுக்கு அப்போது பன்னிரண்டு வயசு. அவர் அப்பா, அதாவது என் கொள்ளுத்தாத்தா, தட்டி வீட்டு வாசலில் கைகளை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம், யாரோ வந்து விரலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்கிற மாதிரி. கேழ்வரகுக் கூழ்கூட ஒரு வேளைதான். ஆனால் கையில் மை படாமலேயே அவர் திரும்ப வேலைக்குப் போனார் என்பது எங்கள் வீட்டில் இன்றும் சொல்லப்படும் கதை. நைனா "சந்தோஷப்பட்டிருப்பாரு" என்றது அதனால்தான்.

இங்கே நான் ஒன்றை ஒத்துக்கொள்ளணும். வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்து எத்தனை பேரின் கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தியிருப்பேன்! கையெழுத்துத் தெரியாத பெரியவர்கள் கூசிக்கொண்டு விரலை நீட்டுவார்கள். "சீக்கிரம், சீக்கிரம்" என்றிருக்கிறேன். அது வெறும் நடைமுறை எனக்கு. கொள்ளுத்தாத்தா கதை தெரிந்த பிறகும் அப்படித்தான் செய்தேன்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். நூற்றிருபது வருஷத்தில் எண்ணூறு டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த ஊர். பம்புகள் நின்றன, கீழே தண்ணீர் ஏறியது. தாத்தாவும் ஆயாவும் இருந்த லைனிலிருந்து பாதிப் பேர் விடிகாலை ரயில் பிடித்து பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள், இன்றும் போகிறார்கள். நைனாவுக்கு ஐம்பது வயசு. கடைசியில் மிஞ்சியது ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் பென்ஷன்.

அந்தப் பென்ஷனுக்கு வருஷத்துக்கு ஒரு தரம் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்கணும். 2014லிருந்து அதை விரல் ரேகை வைத்தே கொடுக்கலாம் என்று வந்தது. வரிசையில் நிற்கவேண்டாம், நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் துளை மெஷின் தேய்த்த விரலை மெஷின் எங்கே படிக்கும்? ஒரு வருஷம் நைனா மூன்று தடவை போய்வந்தார். எலுமிச்சம்பழம் தேய்த்துப் பார்த்தார்கள், கிரீம் தடவிப் பார்த்தார்கள். அங்கிருந்த பையன் மரியாதையாகத்தான் சொன்னானாம், "தாத்தா, சிஸ்டம் உங்கள எடுக்க மாட்டேங்குது." சில மாசம் பணம் வரவில்லை. பணம் நான் அனுப்பிவிடுவேன், அது பெரிசில்லை. "நான் இருக்கேன்னு நானே போய் நின்னு சொல்றேன், அது இல்லேங்குதுடா" என்று போனில் அவர் சொன்ன குரல்தான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அப்பன் பாட்டன் ரேகை தரமாட்டேன் என்று பட்டினி கிடந்தார்கள். இவர் ரேகை தருகிறேன் என்று அலைந்தார்.

2021இல் முகத்தைக் காட்டிச் சான்று கொடுக்கும் வசதி வந்தது. இந்த முறை லீவில் அதைத்தான் புது போனில் போட்டுக் கொடுத்தேன். முகத்தை நேராகப் பிடித்து, சொல்லும்போது கண்ணைச் சிமிட்டவேண்டும். முதல் தடவை நைனா ரொம்ப விறைப்பாக, டோக்கன் வாங்கும் இடத்தில் நிற்கிற மாதிரி நின்றார், சிமிட்டவே இல்லை. இரண்டாவது தடவை பச்சை டிக் விழுந்தது. "இவ்ளோதானா?" என்றார். "இதை மொதல்லயே செஞ்சிருக்கலாமே."

போனுக்கு மட்டும் பூட்டே இல்லாமல் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பொடிசுகள் எடுத்து கேம் விளையாடுகின்றன. விரலும் வேண்டாம், முகமும் வேண்டாம், ஏதாவது ஒரு நம்பர் சொல்லு நைனா, மறக்காத நம்பரா சொல்லு என்றேன். யோசிக்கவே இல்லை, டக்கென்று சொன்னார். சுரங்கத்தில் அவருடைய டோக்கன் நம்பர். பித்தளை வில்லையைத் திருப்பிக் கொடுத்து இருபது வருஷத்துக்கு மேலாகிறது.

என்ன நம்பர் என்று கேட்காதீர்கள். வங்கிக்காரன், சொல்லமாட்டேன்.