நாலு கார்புரேட்டர், ஒரே ஆக்சிலரேட்டர்

1968 அக்டோபரில் டோக்கியோ மோட்டார் கண்காட்சியில் ஹோண்டா தன் சிபி750 பைக்கை வைத்தது. 736 சிசி, நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கார்புரேட்டர். பார்க்க அழகுதான்... மெக்கானிக்குகளின் தலைவலியும் அங்கேதான் இருந்தது.

1969ல் விற்பனைக்கு வந்த முதல் வண்டிகளில், ஆக்சிலரேட்டரில் இருந்து வரும் ஒரு கேபிள் வழியில் நான்காகப் பிரிந்து நான்கு கார்புரேட்டரையும் இழுத்தது. நான்கு கேபிளும் ஒரே அளவாகவா தளரும்? ஒன்று சற்றுத் தளர்ந்தாலும் அந்தச் சிலிண்டர் பின்தங்கும். வண்டி நடுங்கும், ஐடிலிங்கில் இருந்து கிளம்பும்போது திணறும்.

1970ல் வந்த கே1 மாடலில் ஹோண்டா இந்த ஏற்பாட்டையே மாற்றியது. நான்கையும் ஒரே தண்டோடு இணைத்து, திறக்க ஒரு கேபிள், மூட ஒரு கேபிள் என்று வைத்தது. தொல்லை குறைந்தது, ஒழியவில்லை. ஒவ்வொரு கார்புரேட்டருக்கும் இருந்த திருகை அவ்வப்போது திருகி, நான்கையும் சமப்படுத்தத்தான் வேண்டியிருந்தது.

அதற்கு நான்கு இன்டேக் குழாய்களிலும் வேக்குவம் மீட்டர் மாட்டுவார்கள். மீட்டருக்குப் பதில் பாதரசக் குழாய்களும் உண்டு. (திடீரென்று முறுக்கினால் எஞ்சின் பாதரசத்தையே உறிஞ்சிவிடும், கவனம்!) நான்கும் ஒரே அளவு காட்டினால் சரி.

பலர் தவறுவது இங்கேதான். வால்வு இடைவெளி குறைந்திருந்தாலும், இன்டேக் ரப்பர் வெடித்துக் காற்று புகுந்தாலும் அந்த மீட்டர் குறைவாகத்தான் காட்டும். அதைப் பார்க்காமல் கார்புரேட்டரைத் திருகினால் நான்கு முள்ளும் ஒன்றாக நிற்கும். கோளாறு மட்டும் உள்ளேயே இருக்கும்.