டைனமைட்டிலிருந்து மாட்டுத் தீவனம் வரை: ஒரு வெள்ளைப் பொடியின் கதை

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு வெள்ளைப் பொடியைப் பற்றி. டயாட்டமேசியஸ் எர்த்னு பெயர், சுருக்கமா டி.இ. தொட்டுப் பார்த்தால் முகத்துக்குப் போடுற பவுடர் மாதிரியே இருக்கும். பீரை வடிகட்ட இது பயன்படுது, நீச்சல் குளத் தண்ணீரைச் சுத்தம் செய்யவும் பயன்படுது. அமெரிக்காவில் மாடு வளர்க்கிற சிலர் இதைத் தீவனத்திலும் கலக்கிறாங்க. உள்ளே இருக்கிற குடற்புழுவும் சாகும், வெளியே இருக்கிற பேனும் ஈயும் சாகும், கெமிக்கலும் இல்லை என்பது அவங்க நம்பிக்கை.

வேலையை விட்டுட்டு ஆர்கானிக் பால் பண்ணை வைக்கணும்னு கனவு காண்கிற ஐடி நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவங்க அனுப்புற வீடியோக்களிலும் இந்தப் பொடி அடிக்கடி தலை காட்டும். இதில் சொல்ற விஷயம் பாதி உண்மை. எந்தப் பாதி உண்மைன்னு தெரியணும்னா, இந்தப் பொடியோட வரலாற்றைக் கொஞ்சம் புரட்டணும்.

டயாட்டம் என்பது ஒரு செல் மட்டுமே உள்ள பாசி. கடலிலும் ஏரியிலும் மிதக்கும். நாம சுவாசிக்கிற ஆக்சிஜனில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இதிலிருந்து வருதுன்னு மதிப்பிடுறாங்க. தன்னைச் சுற்றி சிலிக்காவால், அதாவது கண்ணாடியோட மூலப்பொருளால், ஓட்டை ஓட்டையா ஒரு கூடு கட்டிக்கும். பாசி செத்தாலும் கூடு அழியாது. லட்சக்கணக்கான ஆண்டுகள் அடியில் படிந்து படிந்து மண் அடுக்காகிவிடும். 1830களில் பெர்லின் விஞ்ஞானி கிறிஸ்டியன் எரென்பெர்க் இந்த மண்ணை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது முழுக்க நுண்ணுயிர்களின் கூடுகள்னு சொன்னார். அவர் டயாட்டத்தைக் குட்டி விலங்குன்னு நினைத்தது தனிக்கதை.

அந்த ஓட்டைகள்தான் இந்தப் பொடியோட சொத்து. ஸ்பான்ஜ் மாதிரி திரவத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நைட்ரோகிளிசரின் லேசாக அதிர்ந்தாலே வெடிக்கும் திரவம். ஆல்ஃபிரட் நோபெல் அதை இந்த மண்ணில் ஊற வைத்துக் கையாளக்கூடிய பொருளாக மாற்றினார். 1867ல் காப்புரிமை வாங்கிய டைனமைட் அதுதான். ஜெர்மனியில் கீசல்கூர்னு அழைத்த இந்த மண் ஒரு பங்கு, திரவம் மூன்று பங்கு. "உறிஞ்சும்" என்ற வார்த்தையை ஞாபகம் வைத்துக்கோங்க. மீதிக் கதை முழுக்க அதில்தான் இருக்கு.

அடுத்த திருப்பம் இரண்டாம் உலகப் போர்க் காலம். சேமித்து வைத்த தானியத்தைப் பூச்சியிடமிருந்து காப்பாற்றியே ஆக வேண்டிய நேரம். வேதியியல் விஷம் எதுவும் இல்லாத சில பொடிகள் பூச்சியைக் கொல்கின்றன, ஆனால் எப்படி? 1944ல் லண்டனில் அலெக்சாண்டர், கிச்சனர், பிரிஸ்கோ என்ற மூவர் இதை ஆராய்ந்து எழுதினாங்க. அதே சமயம் பூச்சியியலின் பெரிய தலை வின்சென்ட் விக்கிள்ஸ்வொர்த்தும் இதே கேள்வியைக் கையில் எடுத்தார்.

விடை எளிமையானது. பூச்சியின் மேல்தோலில் மெல்லிய மெழுகுப் படலம் ஒன்று உண்டு. உடம்பின் ஈரம் வெளியே போகாமல் தடுப்பது அதுதான். பொடி அந்தப் படலத்தைக் கெடுக்குது. பிறகு பூச்சி ஈரத்தை இழந்து, வற்றிச் சாகுது. பூச்சி நகர்ந்து பொடியில் உரசும்போதுதான் நீரிழப்பு வேகமாகுதுன்னு விக்கிள்ஸ்வொர்த் காட்டினார். காற்றில் ஈரப்பதம் ரொம்ப அதிகமாக இருந்தால், பொடி பட்ட பூச்சியும் பிழைத்துக்கொள்ளும்.

உரசல் முக்கியமா, உறிஞ்சல் முக்கியமா என்பதில் பிறகு ஒரு விவாதம் எழுந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வால்டர் எபெலிங் 1961ல் உறிஞ்சல் பக்கம் வலுவான சான்றுகளை வைத்தார். உராய்வே இல்லாத மென்மையான சிலிக்காப் பொடிகள்கூட மெழுகை உறிஞ்சியே பூச்சியை வேகமாகக் கொன்றன. இன்னைக்கும் வீடியோக்களில் "கண்ணாடித் துண்டு மாதிரி வெட்டிடும்"னு சொல்றாங்க. வெட்டுவதைவிட உறிஞ்சுவதுதான் பெரிய வேலை.

அமெரிக்காவில் 1960ல் டி.இ. கொண்ட பூச்சிக்கொல்லிகள் முதன்முதலாகப் பதிவாயின. ஆக, இது வேலை செய்யும் பொடிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனை: எதிரிக்கு மெழுகுத் தோல் இருக்கணும், சுற்றுப்புறம் உலர்ந்திருக்கணும்.

இப்போ மாட்டுக்கு வருவோம். மாட்டின் வெளிப்புறத்தில் இந்த நிபந்தனைகள் ஓரளவு பொருந்தும். பேனும் ஈயும் மெழுகுத் தோல் உள்ளவை. உலர்ந்த முதுகில் தூவினால் பொடிக்கு ஒரு வாய்ப்பு உண்டு. மழையில் நனைந்தாலோ சேற்றில் புரண்டாலோ அதுவும் போச்சு.

உட்புறம் வேற உலகம். மாட்டின் முதல் வயிறு மட்டுமே 100 லிட்டருக்கு மேல் கொள்ளும் ஈரத் தொட்டி. ஆஸ்டர்டேஜியா என்ற மோசமான புழு, நாலாவது வயிற்றின் சுரப்பிகளுக்குள்ளேயே புகுந்து வளரும். உருண்டைப் புழுவின் மேல்தோல் முக்கியமாகக் கொலாஜனால் ஆனது. திரவத்துக்குள்ளேயே வாழும் புழுவுக்கு வற்றிப் போகும் பயம் ஏது? எங்க பாஷையில் சொன்னால், டெஸ்ட் சர்வரில் ஓடிய கோடு இது, புரொடக்‌ஷன் சூழலே வேற. சாணத்தில் வளரும் ஈப் புழுக்களை இது கொல்லும் என்ற பேச்சுக்கும் இதே பதில்தான். புதுச் சாணத்தில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்.

சோதனை செய்தும் பார்த்திருக்காங்க. 1998ல் 'அனிமல் சயின்ஸ்' இதழில் இறைச்சிக்கு வளர்க்கும் காளைகளை வைத்து ஒரு ஆய்வு வெளியானது. டி.இ. குடற்புழு மருந்தாக வேலை செய்யவில்லை. நியாயமாக இன்னொன்றையும் சொல்லணும்: 2011ல் முட்டைக் கோழிகளில் நடந்த ஒரு ஆய்வில், தீவனத்தில் 2 சதவீதம் கலந்தபோது ஒரு கோழி இனத்தில் புழுக்கள் குறைந்தன. ஆனால் கோழி வேற, மாடு வேற.

அப்புறம் ஏன் இவ்வளவு பேர் நம்புறாங்க? மூட்டையில் "ஃபுட் கிரேடு"னு போட்டிருக்கே! அமெரிக்க விதிப்படி தீவனத்தில் 2 சதவீதம் வரை டி.இ. சேர்க்கலாம். எதற்கு? தீவனம் கட்டி தட்டாமல் இருக்க. அந்த அனுமதி, சாப்பிட்டால் கெடுதல் இல்லைன்னு சொல்லுது. புழு சாகும்னு எங்கேயும் சொல்லலை.

இந்த நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்கு மனசில்லை. அதற்குப் பின்னால் ஒரு நியாயமான பயம் இருக்கு. 1981ல் சந்தைக்கு வந்த ஐவர்மெக்டின், ஒரு கிலோ உடல் எடைக்கு 0.2 மில்லிகிராம் ஊசியில் புழுவையும் பேனையும் சேர்த்தே அடித்தது. ஜப்பானிய மண்ணில் கிடைத்த பாக்டீரியாவிலிருந்து வந்த மருந்து அது, 2015ல் நோபெல் பரிசும் பெற்றுத் தந்தது. ஆனால் அளவில்லாமல் போட்டதால் கூப்பீரியா போன்ற மாட்டுப் புழுக்கள் மருந்துக்கு அடங்காமல் போயின. மருந்தைத் தொடர்ந்து வெளியிடும் குளிகை கொடுத்த மாடுகளின் சாணத்தில் சாணவண்டுகள் வளராததை வால், ஸ்ட்ராங் என்ற இருவர் 1987ல் 'நேச்சர்' இதழில் காட்டினாங்க. மருந்தைக் குறைக்கணும்னு நினைக்கிறவங்க முட்டாள்கள் இல்லை.

ஆனால் பொடியை நம்பிக் காத்திருக்கும் மாதங்களில் விலை கொடுப்பது கன்றுக்குட்டிதான். கழிச்சல், எடை குறைவு, சில சமயம் உயிரே போகும். பொடியை மூச்சில் இழுக்கும் மனுஷனுக்கும் நுரையீரலுக்கு நல்லதில்லை. நீச்சல் குளத்துக்கென்று சுட்டுத் தயாரிக்கும் ரகத்தில் படிகச் சிலிக்கா இருக்கும், அது இன்னும் ஆபத்து.

எனவே பண்ணைக் கனவு உள்ள நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். எந்த மருந்தானாலும், கொடுக்கும் முன் சாணத்தில் புழு முட்டையை எண்ணச் சொல்லுங்க. 14 நாள் கழித்துத் திரும்ப எண்ணுங்க. எண்ணிக்கை குறையலைன்னா, மூட்டை மேல் என்ன எழுதியிருந்தாலும் அதை ஓரமா வைத்துட்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்க.