வீழும் அணுவும் ஒளியின் அளவுகோலும்

1672ஆம் ஆண்டிலே பிரெஞ்சு வானியலாளர் சான் ரிஷே தென் அமெரிக்கக் கரையிலுள்ள கயேனுக்கு ஊசற் கடிகாரமொன்றைக் கொண்டுசென்றார். பாரிசிலே செவ்வையாக ஓடிய அக்கடிகாரம் அங்கே நாளொன்றுக்கு இரண்டரை நிமிட அளவு பிந்திற்று. ஊசலை ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் குறுக்கிய பின்னரே அது நேரங்காட்டியது. பழுது கடிகாரத்தில் இல்லை. புவியின் இழுவையே அவ்விடத்திற் குறைவு. புவி சுழல்வதும் அதன் நடுப்பகுதி புடைத்திருப்பதுமே காரணமென 1687இல் நியூற்றன் விளக்கினார்.

அதன்பின் நெடுங்காலம் புவியீர்ப்பை அளக்கும் கருவி ஊசலாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே, வெற்றிடக் குழாயினுள் ஆடித்துண்டொன்றை விழவிட்டு, அதன் வீழ்ச்சியை லேசர் ஒளியால் அளக்கும் முறை வந்தது. இனி விழவேண்டியது அணு ஒன்றே.

ஆனால் அணுவை விழவிடுதல் எளிதா? அறையின் சாதாரண வெப்பத்தில் அது செக்கனுக்கு நூற்றுக்கணக்கான மீற்றர் வேகத்தில் ஓடித்திரிவது. அதனை லேசர் ஒளியாலேயே தடுத்துக் குளிரச்செய்யும் வழியை 1985இல் ஸ்டீவன் சூவும் அவருடன் உழைத்தோரும் செய்துகாட்டினர். இத்துறைப் பணிக்காக 1997இல் அவருக்கும் கோகன்-தனூஜி, பிலிப்ஸ் ஆகியோருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பொருளும் அலையியல்பு உடையது. பொருளாலான கீற்றணியில் ஒளி கோணலுறுவதை அனைவரும் அறிவர். ஒளியே கீற்றணியாக நின்றால் பொருள் கோணலுறும் என்று 1933இல் கபிற்சாவும் டிராக்கும் கூறினர். இலத்திரனுக்குச் சொன்ன அக்கூற்று 1980களில் அணுவிலே மெய்ப்பிக்கப்பட்டது.

1991இல் ஸ்டான்போர்டில் மார்க் கசேவிச்சும் சூவும் குளிர்ந்த சோடியம் அணுக்களின்மீது மூன்று ஒளித்துடிப்புகளைச் செலுத்தினர். முதலாவது துடிப்பு ஒவ்வோர் அணுவின் அலையையும் இரு பாதைகளாகப் பிரிக்கும். இரண்டாவது அப்பாதைகளைத் திருப்பும். மூன்றாவது மீண்டும் சேர்க்கும். இடையில் அணு எவ்வளவு விழுந்ததென்பதை ஒளியின் அலைநீளமே அளவுகோலாக நின்று குறித்துவைக்கிறது. சேரும்போது நிகழும் தலையீட்டில் அக்கணக்கு வெளிப்படும். துடிப்புகளின் இடைக்காலத்தை இருமடங்காக்கினால் விளைவு நான்கு மடங்காகும். ஆதலால் அணுக்களை நீரூற்றுப்போல மேலே எறிந்து, ஏறி இறங்கும் காலம் முழுவதையும் பயன்படுத்தலாயினர்.

1999இல் அக்கிம் பீற்றர்ஸ், கெங் இயோ சுங், சூ ஆகியோர் சீசியம் அணுவைக்கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலை நூறு கோடியில் 3 பங்கு நுட்பத்திற்கு அளந்தனர். கருவியை வெறும் 3 மில்லிமீற்றர் உயர்த்தினாலே ஈர்ப்பு நூறு கோடியில் ஒரு பங்கு குறையும் என்றால், அந்த நுட்பத்தை உணரலாம். கடலை ஏற்றி இறக்கும் சந்திரனின் இழுவையும் அதிற் பதிந்தது. எனினும் ஆராய்ச்சியின் உயிர்நிலை வேறொன்று. குவாண்டம் விதிக்கு அடங்கிய அணுவும், கண்ணால் காணும் ஆடித்துண்டும் ஒன்றுபோலவே விழுமா? கலிலியோவின் பழைய வினாவே புதுவேடம் பூண்டு வந்தது. இருவகைக் கருவிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டனர். நூறு கோடியில் 7 பங்குவரை விடை ஒத்திருந்தது.

ஆய்வுகூடத்தை விட்டுத் தெருவுக்கு வந்தபோதுதான் தொல்லை தொடங்கிற்று. நிலத்தின் சிறு அதிர்வும் அளவைக் குலைத்துவிடும். பேமிங்காம் பல்கலைக்கழகத்தார் ஒன்றன்மேல் ஒன்றாக இரு அணுமேகங்களை விழவிட்டு, அவற்றின் வேறுபாட்டை மாத்திரம் எடுத்தனர். இரண்டிலும் ஒருங்கே பதிந்த அதிர்வு கழிந்துபோக, நிலத்தின் கீழிருந்த சுரங்கவழியொன்றின் வெற்றிடம் கணக்கிலே புலப்பட்டது. அம்முடிவு 2022இல் வெளியாயிற்று.