திருடன் போலீஸ் (சீட்டு விளையாட்டு)

இக்கட்டுரை தாளில் பெயர் எழுதி ஆடும் விளையாட்டைப் பற்றியது. ஓடிப் பிடித்து ஆடும் விளையாட்டு ஒன்றும், 2014 இல் வெளிவந்த தமிழ்த் திரைப்படம் ஒன்றும் இதே பெயரைக் கொண்டவை.

திருடன் போலீஸ் அல்லது ராஜா ராணி என்பது, தாள் துண்டுகளில் பாத்திரங்களின் பெயர்களை எழுதிக் குலுக்கிப் போட்டு, ஆளுக்கொன்றாக எடுத்து, யார் எந்தப் பாத்திரம் எனக் கண்டுபிடித்து ஆடும் விளையாட்டு ஆகும். தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களாலும், விடுமுறை நாட்களில் வீடுகளிலும் ஆடப்படுகிறது. ஒரு தாளும் ஒரு பேனாவும் தவிர இதற்கு வேறு செலவு இல்லை. ஆயினும், விலையுயர்ந்த நூல்களையும் பகடைகளையும் கொண்டு மேற்கு நாடுகளில் ஆடப்படும் பாத்திரமேற்பு மேசை விளையாட்டுகளின் அடிப்படைக் கூறு இதிலும் உள்ளது. ஆடுபவர் சிறிது நேரம் தானல்லாத ஒருவராக இருக்க வேண்டும் என்பதே அது.

தேவையான பொருட்கள்

குறிப்பேட்டுத் தாள் ஒன்றை ஆட்டக்காரர்களின் எண்ணிக்கைக்கேற்பச் சம துண்டுகளாகக் கிழித்து, பாத்திரத்தின் பெயரையும் அதற்குரிய புள்ளியையும் எழுதி, ஒரே மாதிரியாக மடித்துக்கொள்வர். புள்ளிக் கணக்கு எழுத மற்றொரு தாள் வேண்டும்.

சீட்டு அடையாளம் தெரிந்துவிடுவதே இவ்விளையாட்டின் பெருங்குறை. சில சுற்றுகள் ஆடியதும் திருடன் சீட்டின் மூலை கசங்கிவிடும். அல்லது மை பின்பக்கம் ஊறித் தெரியும். அதனைக் கவனித்து வைத்துக்கொண்டு எடுப்பது அழுகுணி ஆட்டமாகக் கருதப்படுகிறது. பழைய திருமண அழைப்பிதழின் அட்டையில் சீட்டுகளை வெட்டிக்கொண்டால் மடிக்க வேண்டிய தேவையே இல்லை. பல நாட்கள் உழைக்கும்.

ஆடும் முறை

நால்வர் ஆடும்போது ராஜா, மந்திரி, போலீஸ், திருடன் ஆகிய நான்கு சீட்டுகள் பயன்படுத்தப்படுகின்றன. ஒருவர் சீட்டுகளைக் கைக்குள் குலுக்கித் தரையில் போட, ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துப் பிறர் அறியாமல் பார்த்துக்கொள்வர். ராஜா தம்மை வெளிப்படுத்தி, போலீஸ் யார் என வினவுவார். போலீஸ் சீட்டை எடுத்தவர் அதனைக் காட்டி, எஞ்சிய இருவரில் திருடன் யார் எனச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் போலீசின் புள்ளிகள் அவருக்கே சேரும். தவறாகச் சொன்னால் அப்புள்ளிகள் திருடனுக்குப் போய்விடும்.

திருடனும் மந்திரியும் எதையும் பேசலாம். திருடன் முகத்தை மாற்றாமல் இருக்க முயல்வதும், உண்மையான மந்திரி வேண்டுமென்றே திருதிருவென விழிப்பதும் ஆட்டத்தின் சுவையான பகுதிகள். போலீஸ் தவறினாலும் மந்திரிக்குப் புள்ளி ஏதும் கூடுவதில்லை என்பதால், அவர் நடிப்பது முற்றிலும் நடிப்பின் இன்பத்துக்காகவே எனலாம்.

புள்ளிகள்

புள்ளிகள் இடத்துக்கு இடம் வேறுபடும். ராஜா 1000, மந்திரி 800, போலீஸ் 500, திருடன் 0 என்பது ஒரு வழக்கம். இதன்படி ஒரு சுற்றில் மொத்தம் 2300 புள்ளிகள் கிடைக்கும். 20 சுற்றுகள் ஆடினால் ஒருவருக்குச் சராசரியாக 11,500 சேரும். போலீஸ் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தால் சரியாகச் சொல்லும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஆகவே போலீசுக்கும் திருடனுக்கும் சராசரியாக 250 புள்ளிகள் வீதம் கிடைக்கும். ராஜா வாளாவிருந்து 1000 பெறுவார்!

ராஜா தம்மை வெளிப்படுத்தாமல் போலீஸ் மட்டும் வெளிப்படும் முறையில், மூவரில் ஒருவரைக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதால் வாய்ப்பு மூன்றில் ஒன்றாகக் குறைகிறது. அப்போது திருடனுக்குச் சராசரியாக 333, போலீசுக்கு 167 கிடைக்கும். நடிக்கத் தெரிந்தவர்கள் கூடியிருந்தால் இம்முறையே பொருத்தமானது.

வேறு வடிவங்கள்

ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோர் ஆடும்போது ராணி முதலிய சீட்டுகள் சேர்க்கப்படுகின்றன. இங்குத் தேடல் சங்கிலி போல் நடைபெறும். ராஜா ராணியைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு ராணி மந்திரியைக் கண்டுபிடிக்க வேண்டும். தவறான ஆளைச் சுட்டினால் இருவரும் சீட்டை மாற்றிக்கொள்வர். இவ்வாறு சீட்டு கைமாறுவதால் ஆட்டக்காரர் ஒரே சுற்றில் பல பாத்திரங்களை ஏற்க நேரிடும். இராமாயணப் பாத்திரங்களைக் கொண்டு, இராமர் சீதையைக் கண்டுபிடிக்கும் வடிவமும் உண்டு.

வட இந்தியாவில் இவ்விளையாட்டு ராஜா மந்திரி சோர் சிபாயி எனப்படுகிறது. உருசியாவில் 1986 இல் திமித்ரி டேவிடோவ் உருவாக்கிய மாஃபியா என்னும் விளையாட்டும் மறைவான பாத்திரங்களை அடிப்படையாகக் கொண்டதே. ஆனால் அதில் தனி ஒருவரின் ஊகம் அன்று, கூட்டத்தின் வாக்கெடுப்பே முடிவு செய்கிறது.

பெயர் எழுதிய துண்டுகளைக் குலுக்கி எடுப்பது தமிழகத்துக்குப் புதிதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) ஓலை நறுக்குகளைக் குடத்திலிட்டு ஊர்ச்சபை உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் குடவோலை முறையை விவரிக்கின்றன. அதிலிருந்தே இவ்விளையாட்டுத் தோன்றியது எனக் கொள்ள இடமில்லை.

பாத்திரமேற்பு மேசை விளையாட்டுகளும் செலவும்

பாத்திரமேற்பு மேசை விளையாட்டில் ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தரை ஏற்று, தாம் செய்வதைச் சொல்வர். முடிவு ஐயத்துக்குரியதாக இருக்குமிடத்தில் பகடை உருட்டப்படும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் எழுதி 1974 இல் அமெரிக்காவில் வெளியான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இவ்வகையில் விற்பனைக்கு வந்த முதல் விளையாட்டாகக் கருதப்படுகிறது. அதன் முதற்பெட்டியின் விலை 10 டாலர். இப்போது அதன் மூன்று அடிப்படை நூல்களில் ஒவ்வொன்றும் அமெரிக்க விலையில் ஏறத்தாழ 50 டாலர், அதாவது நாலாயிரம் ரூபாய்க்கு மேல். இந்திய மாணவர் பலருக்கு இவ்விளையாட்டு எட்டாமற்போக இதுவும் ஒரு காரணம்.

எனினும் இவ்விளையாட்டின் வரலாற்றிலேயே செலவைக் குறைத்த முன்னுதாரணங்கள் உள்ளன. நான்கு, எட்டு, பன்னிரண்டு, இருபது எனப் பல முகங்கள் கொண்ட பகடைகளுக்கு 1979 அளவில் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, வெளியீட்டு நிறுவனம் எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளைப் பெட்டியில் வைத்து, அவற்றைக் கோப்பையிலிட்டுக் குலுக்கி எடுக்குமாறு கூறியது. திருடன் போலீஸ் ஆடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கென் செயின்ட் ஆண்ட்ரே 1975 இல் வெளியிட்ட டனல்ஸ் அண்ட் ட்ரால்ஸ், எங்கும் கிடைக்கும் ஆறுமுகப் பகடையை மட்டுமே கொண்டு அமைந்தது.

பகடைக்கு மாற்று

1 முதல் 20 வரை எண்ணிட்ட சீட்டுகளில் ஒன்றை எடுத்து, பார்த்தபின் மீண்டும் உள்ளே போட்டுவிட்டால், அது இருபது முகப் பகடைக்கு முற்றிலும் ஈடாகும். திரும்பப் போடாமல் எடுத்தால் எல்லா எண்களும் ஒருமுறை வந்த பின்னரே எந்த எண்ணும் மீண்டும் வரும். அப்போது கடைசிச் சில சீட்டுகளை எண்ணிக் கணக்கிட்டுவிடலாம் என்பதால் ஆட்டத்தின் இயல்பு மாறிவிடும்.

தாயக்கட்டை இன்னும் பொருத்தமானது. வழக்கமான இணைக்கட்டைகளில் ஒவ்வொன்றின் பக்கங்களிலும் 1, 2, 3 புள்ளிகளும் ஒரு வெற்றுப் பக்கமும் இருக்கும். உருட்டும் 16 வகைகளில் தாயம் (1) இருமுறை, இரண்டு மும்முறை, மூன்று நான்கு முறை, நான்கு மும்முறை, ஐந்து இருமுறை, ஆறு ஒருமுறை விழும். இரண்டும் வெற்றாக விழும் பன்னிரண்டும் ஒரே முறை. அதாவது நடு எண்கள் மிகுதியாகவும் ஓரத்து எண்கள் அரிதாகவும் வரும். ‘மூன்றோ அதற்கு மேலோ விழுந்தால் வெற்றி’ என வைத்தால் வாய்ப்பு 16 இல் 11. ‘நான்கோ அதற்கு மேலோ’ என்றால் 7. பன்னிரண்டைப் பெருவெற்றி எனக் கொள்ளலாம். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டைகளும் பயன்படும். ஆனால் தேய்த்த பக்கம் தட்டையாகிவிடுவதால் இரு பக்கமும் சமமாக விழுமெனச் சொல்ல இயலாது. நூறு முறை வீசிப் பார்த்து அறிந்துகொள்ள வேண்டும்.

இலவச விதிகள்

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்சின் அடிப்படை விதிகள் 2014 இல் இலவசமாக இணையத்தில் தரப்பட்டன. சனவரி 2023 இல் அதன் ஐந்தாம் பதிப்பின் விதித்தொகுப்பு கிரியேட்டிவ் காமன்சு உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டு அதனை எவரும் படியெடுக்கலாம், மாற்றலாம், தமிழில் மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். இது விலைக்குறைப்பினும் பெரிய வசதியாகும். ஏனெனில், ஆங்கில நூலின் பல நூறு பக்கங்களைப் படிக்க வேண்டியிருப்பதும் ஒருவகைச் செலவே.

சான் ஹார்ப்பரின் லேசர்ஸ் அண்ட் ஃபீலிங்ஸ் (2013) ஒரே பக்கத்தில் அடங்கும். ஆறுமுகப் பகடை போதும். சான் டாம்கினின் அயர்ன்சுவோர்ன் (2018) கதை நடத்துபவர் இல்லாமலும், தனி ஒருவராகவும் ஆடத்தக்கது, மின்னூல் இலவசம்.

கதைக்களத்துக்கெனத் தனி நூல் வாங்குவதும் கட்டாயமன்று. ஆடுவோர் அனைவரும் அறிந்த தம் ஊரே போதும். வண்டலூர் – மீஞ்சூர் வெளிவட்டச் சாலை பெங்களூர் நெடுஞ்சாலையைச் சந்திக்கும் நசரத்பேட்டையையும், அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியையும் குறிப்பேட்டில் வரைந்துகொண்டு, ராஜா, மந்திரி, போலீஸ், திருடன் ஆகிய நால்வரையும் அங்கே உலவவிட்டால் ஒரு மாலைப் பொழுதுக்கான கதை கிடைத்துவிடும். திருடன் எதைத் திருடினான், ஏன் திருடினான் என்று முதலில் முடிவு செய்துகொள்வது நல்லது. சீட்டு விளையாட்டில் எவரும் கேட்காத கேள்வி அதுவே.